படுக்கை வசம், நெடுக்கு வசம்

வேதமாணிக்கம் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துவிட்டார்.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்பீர்கள். அவருக்கு இருபத்திரண்டு வருடமாகப் பார்வை கிடையாது. இரண்டு செயற்கைக் கண்களையும் பொருத்தி, அவற்றை இயக்கி, நாற்பது நிமிடம்தான் ஆகியிருந்தது. தெளிநோக்கு நிறுவனத்தின் பயிற்சிக் கையேட்டில் எலுமிச்சம்பழம் வருவது இருபத்தோராம் நாள். அதற்கு முந்தைய இருபது நாளும் வாந்தி, தலைசுற்றல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடை, மறுபடியும் வாந்தி. இருபத்தோராம் நாள் நான்கடி தூரத்திலிருந்து பழத்தை வீசுவார்கள். பிடித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

வேதமாணிக்கம் பிடித்ததோடு நிற்கவில்லை. பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னம்மா இது, காயா இருக்கு. நல்ல பழமா வாங்கக் கூடாதா?" என்றார்.

ஆய்வுக்கூடமே கூச்சலிட்டது. நிரலாளர் ஜெனோவாவுக்கு மட்டும் சத்தம் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஆறு வருடமாக இந்த அறையில் வாளி பிடித்தவள் அவள். முதன்முதலில் கண் பொருத்திக்கொண்டவர்களுக்கு ஆள் பற்றாமல், புதிதாக வேலைக்குச் சேர்ந்த நிரலாளர்களையும் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அப்போது எத்தனை பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தச் சொல்லும்மா, எனக்குக் கண்ணே வேண்டாம்" என்று கெஞ்சியிருப்பார்கள்!

நிறுவனத்தின் தலைவர் ரகோத்தமன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்தார்.

"ஜெனோ, என்ன பண்ணின? மருந்து ஏதாவது மாத்தினியா?"

"மருந்தெல்லாம் இல்ல சார். பதினாறு நம்பரைத் திருப்பி அடுக்கினேன். அவ்வளவுதான்."

"விளையாடாத."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெள்ளைப் பலகைக்குப் போனாள். நாலுக்கு நாலாகக் கட்டம் போட்டாள்.

"காதுக்குப் பின்னாடி நாம ஒரு சில்லு வைக்கிறோம்ல? தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பிச்சுன்னு அளக்கிறது அதுதான். அளந்ததை இந்தப் பதினாறு கட்டத்துல எழுதி, படம் வரையற சில்லுக்குக் கொடுக்கும். தலை இடது பக்கம் திரும்பினா படத்தை அதுக்கேத்த மாதிரி திருப்பிப் பிடிக்கணும். அப்பத்தான் உலகம் நின்ன இடத்துல நிக்கும்."

"மேட்ரிக்ஸ். ஸ்கூல் பையனுக்குத் தெரியும். மேல சொல்லு."

"ஆனா நினைவகத்துல கட்டம் கிடையாதே சார். எல்லாம் ஒரே வரிசை. பதினாறு எண்ணும் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு. அளக்கிற சில்லு செஞ்சவங்க படுக்கை வசமா அடுக்கினாங்க. முதல் நிரை, ரெண்டாவது நிரைன்னு. வரையற சில்லு செஞ்சவங்க அதே எண்ணை நெடுக்கு வசமா படிச்சாங்க. முதல் நிரல், ரெண்டாவது நிரல். ரெண்டு பேர் பண்ணினதும் சரி. ரெண்டு பேரோட கையேட்டிலயும் ஒரு பிழை கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கல, அதான் தப்பு."

ரகோத்தமன் நெற்றியைத் தேய்த்தார். "நிரையை நிரலா படிச்சா குப்பையா வரணுமே. முதல் நாளே தெரிஞ்சிருக்குமே."

"வேற மேட்ரிக்ஸா இருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு பொருள் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு சொல்ற எண்ணும் இதுல இருந்திருந்தா படமே கிழிஞ்சிருக்கும். நம்ம கண்ணுக்கு வெறும் திருப்பம் மட்டும்தான். திருப்பத்தை இப்படி மாத்திப் படிச்சா குப்பை வராது சார். அச்சு அசலா எதிர்த் திருப்பம் வரும். முப்பது டிகிரி இடது, முப்பது டிகிரி வலதா வரும். படம் தெளிவா, அழகா, சுத்தமா இருக்கும். தலை திரும்பும்போது மட்டும் உலகம் எதிர்ப் பக்கம் ஓடும்."

"அப்போ அந்த இருபத்தோரு நாள்?"

"அவங்க மூளை உட்கார்ந்து நம்ம தப்பைத் தானே திருத்திக்கிட்ட நாள் சார் அது. நாம அதுக்குப் பயிற்சின்னு பேர் வெச்சு, புத்தகம் போட்டு, தினம் காலையில வாழ்த்தும் சொன்னோம்."

கூச்சல் அடங்கிவிட்டது. ஆயிரத்து நூற்று நாற்பது பேர் அந்த இருபத்தோரு நாளைத் தாண்டிக் கண்ணோடு வீட்டுக்குப் போனவர்கள். தாண்ட முடியாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு இருட்டுக்கே திரும்பிப் போனவர்கள் எழுபத்து மூன்று பேர். அந்த எண்ணை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லாருக்கும் அது மனப்பாடம்.

ரகோத்தமன்தான் முதலில் தேறினார். உற்சாகத்தில் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. நாளைக்கே நிருபர்களைக் கூப்பிட வேண்டும், திருத்தத்தை எல்லாருடைய கண்ணுக்கும் அனுப்ப வேண்டும். "எத்தனை மணிக்கு மாத்தலாம்?"

"பகல் மூணு மணிக்கு" என்றாள் ஜெனோவா. தூங்கி எழும்போது கண் புதிதாக இருந்தால் பயந்துவிடுவார்கள், நல்ல வெளிச்சத்தில் விழித்திருக்கும்போதே மாறட்டும் என்பது அவள் யோசனை. நல்ல பெண்ணின் நல்ல யோசனைதான். திரையில் 'புதியவர்கள் மட்டும்', 'எல்லாரும்' என்று இரண்டு கட்டம் இருந்தன. இரண்டாவதைத் தொட்டு, தன் ஒப்புதலைக் கொடுத்தாள். ரகோத்தமனும் கொடுத்தார். அந்த நிமிடமே திருத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது கண்சில்லுகளுக்குள் இறங்கி, மூன்று மணிக்காகக் காத்திருக்கத் தொடங்கியது.

அன்று சாயங்காலம் பேச்சி கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்குப் பாளையங்கோட்டையில ஃபைனல். மாநில டீமுக்கு ஆள் எடுக்க மூணு பேர் வாராங்களாம். நீங்க வாரியளா மாட்டியளா?"

முத்துப்பேச்சி, முதன்முதலில் கண் பெற்றவர்களில் ஒருத்தி. சங்கரன்கோவில்காரி. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவளுக்குப் பதினேழு வயதில் கண் வந்தது. பத்தொன்பதில் கபடி மைதானத்துக்குள் இறங்கினாள். செயற்கைக் கண்ணோடு ஆடலாமா கூடாதா என்று சங்கத்தில் மூன்று வருடம் வழக்காடி, போன வருடம்தான் அனுமதி வந்தது. இருபத்து மூன்று வயதுக்கு மேல் மாநிலத் தேர்வு கிடையாது. அவளுக்கு அடுத்த மாதம் இருபத்து நான்கு. ஆக, நாளைதான் கடைசி வாய்ப்பு.

"வரேன்டி. உனக்கு ஒரு பரிசும் கொண்டுட்டு வரேன்" என்றாள் ஜெனோவா. மூன்று மணிக்கு வரப்போகும் திருத்தத்தைத்தான் சொன்னாள். அதைச் சொல்லாமல் வைத்து ஆச்சரியப்படுத்த நினைத்தாள். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் மதியம் பாளையங்கோட்டை உள்ளரங்கத்தின் தகரக் கூரை வெயிலில் கொதித்தது. கீழே அதைவிடக் கொதிப்பு. சங்கரன்கோவில் அணியும் ஒட்டன்சத்திரம் அணியும். விசில் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுகூடக் கேட்கவில்லை. ஆட்டம் தொடங்குமுன் நடுவர் பேச்சியின் காதுக்குப் பின்னால் இருந்த பொத்தானை அழுத்தி, கண்ணின் வெளித்தொடர்பை அணைத்து, மேலே சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். சங்கத்தின் விதி அது. ஓரத்தில் உட்கார்ந்தபடி யாரும் அவள் கண்ணுக்குள் குறிப்புக் காட்டிவிடக் கூடாதல்லவா? டாக்டர் முன்னிலையில் மட்டும்தான் அந்த ஸ்டிக்கரைக் கிழிக்கலாம்.

பேச்சி ரெய்டு போனால் பார்க்க வேண்டும். செயற்கைக் கண் குழிக்குள் சுழலாது. அதனால் எதையும் தலையைத் திருப்பித்தான் பார்ப்பாள். அந்தத் தலை இருக்கிறதே, கோழித் தலை மாதிரி வெடுக்வெடுக்கென்று வெட்டும். இடது மூலையில் நிற்பவளைப் பார்த்துக்கொண்டே வலது மூலையில் நிற்பவளைக் காலால் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடுவாள். தேர்வாளர்கள் மூவரும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாம் பாதி தொடங்கியபோது மணி இரண்டு நாற்பத்தாறு. ஜெனோவாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் இசக்கிமுத்துவிடம், "மாஸ்டர், மூணு மணிக்கு மேல பாருங்க. இன்னும் பிச்சு உதறுவா" என்றாள்.

"அது எப்படிம்மா?"

அவள் முழங்கையால் இடித்து இடித்து எல்லாவற்றையும் சொன்னாள். உலகம் எதிர்ப் பக்கம் ஓடியது, அதை மூளை திருத்திக்கொண்டது, இப்போது நிறுவனமே திருத்திவிட்டது. இசக்கிமுத்து ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"அப்போ இந்தப் புள்ள ஆறு வருஷமா அந்தத் தப்பை வெச்சுல்லா பழகியிருக்கா?"

"ஆமா மாஸ்டர், அதத்தான்..."

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதும்மா. உடம்பு தெரியும். இடது காலால ஆடுதவளை ஒரே நாள்ல வலது காலுக்கு மாத்துனா அவ கெடந்து அடி வாங்குவா. நீங்க உங்க தப்பைத் திருத்திட்டிய, சரி. அவ மூளை செஞ்ச திருத்தத்தை யாரு போய் எடுக்கப் போறா?"

ஜெனோவா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

நிறுவனத்தில் முப்பது நிரலாளர்கள் இருந்தார்கள், நான்கு டாக்டர்கள் இருந்தார்கள், நேற்று முழுக்க இனிப்புச் சாப்பிட்டார்கள். இந்தக் கேள்வி ஒருவருக்கும் தோன்றவில்லை. புதிதாக வந்த வேதமாணிக்கத்தின் மூளையில் பழைய பழக்கம் எதுவும் இல்லை. அதனால் நாற்பது நிமிடத்தில் எலுமிச்சம்பழம் பிடித்தார். பழையவர்களுக்கு மூன்று மணிக்கு, விழித்திருக்கும்போது, நல்ல வெளிச்சத்தில், உலகம் மறுபடியும் முதல் நாளைப் போல எதிர்ப் பக்கம் ஓடும். ஒருவர் படியில் இறங்கிக்கொண்டிருப்பார். ஒருத்தி அடுப்பிலிருந்து எண்ணெய்ச் சட்டியை இறக்கிக்கொண்டிருப்பாள். ஒருவர் சாலையின் நடுவில் நிற்பார்.

லேப்டாப்பைத் திறந்துகொண்டே ரகோத்தமனைக் கூப்பிட்டாள்.

"சார், நிறுத்துங்க! எல்லாருக்கும் நிறுத்தணும்!"

"ஜெனோ, நிருபர்கள் எதிர்ல உட்கார்ந்திருக்காங்கம்மா. இப்பத்தான் உன் பேரைச் சொன்னேன்."

"பழைய ஆளுங்க மூளை ஏற்கெனவே திருப்பி வெச்சிருக்கு சார். நாமளும் திருப்பினா ரெண்டு திருப்பம். மறுபடியும் தப்பாயிடும்!"

ரகோத்தமன் கெட்டிக்காரர், புரிந்துகொள்ள ஒரு நிமிடம்தான் ஆனது. நிருபர்களிடம் என்ன சொல்வது என்று யோசிக்க இன்னொரு நிமிடம் ஆனது. அந்த இரண்டாவது நிமிடத்தை ஜெனோவா அவருக்கு என்றைக்கும் மன்னிக்கவில்லை.

"போடு. நான் ஒப்புதல் கொடுக்கறேன்" என்றார் கடைசியில்.

திருத்தத்தைப் போல நிறுத்தும் கட்டளையை ஒரே மூச்சில் அனுப்ப வழியில்லை. பாதுகாப்புக்காக அறுபது அறுபது பேராகப் பத்தொன்பது தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஜெனோவா கைரேகை வைக்க வேண்டும், ரகோத்தமன் வைக்க வேண்டும், பிறகுதான் போகும். ஒன்றுக்கு அரை நிமிடம். மணி இரண்டு ஐம்பதரை. கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒன்பதரை நிமிடம். ஒரு மூச்சுக்கூட உபரியாக இல்லை.

முதல் தொகுதி போனது. பேச்சியின் பெயரும் அதில்தான் இருந்தது. அவள் பெயருக்கு எதிரே மட்டும் 'தொடர்பில் இல்லை' என்று வந்தது. வரத்தானே செய்யும், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண் வெளியிலிருந்து யார் பேச்சையும் கேட்காது. ஆனால் நேற்றே உள்ளே இறங்கிவிட்ட திருத்தம் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. இனிமேல் அந்த ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கும் துளையில் லேப்டாப்பின் கம்பியைச் சொருகித்தான் நிறுத்த முடியும். லேப்டாப்போ ஒன்றுதான் இருக்கிறது.

ஐந்து. ஆறு. ஏழு. கைரேகை, காத்திருப்பு, கைரேகை. மைதானத்தில் கபடி கபடி என்ற பாட்டு ஏறி இறங்கியது. புள்ளிகள் இருபத்தேழுக்கு இருபத்தேழு.

பதினோராவது தொகுதி போன நேரம், இரண்டு ஐம்பத்தாறுக்கு, இசக்கிமுத்து டைம் அவுட் கேட்டார். ஜெனோவாவுக்காகத்தான் கேட்டார். ஒன்றரை நிமிடம். பேச்சி வியர்வை சொட்டச் சொட்ட ஓரத்துக்கு ஓடி வந்து, இரண்டடி தூரத்தில் நின்று தண்ணீர் குடித்தாள்.

"சொருகும்மா, சீக்கிரம்!" என்றார் இசக்கிமுத்து. மைதானத்து டாக்டரும் பக்கத்தில் வந்து நின்றார்.

கம்பி ஜெனோவாவின் மடியிலேயே கிடந்தது. இப்போது அதை எடுத்தால் மூன்று தொகுதி பாக்கி விழும். நூற்று எண்பது பேர். அவர்கள் யாருக்கும் பக்கத்தில் டாக்டர் கிடையாது, அப்படி ஒன்று வரப்போவதும் தெரியாது. அவள் விரலை எடுக்கவில்லை.

"பேச்சி, நான் சொல்றதைக் கேளு. மூணு மணிக்கு உன் கண்ணு மாறப் போகுது. முதல் நாள் வாந்தி எடுத்தியே, அப்படி ஆகும். நான் பண்ணின வேலை. என்னால இப்ப நிறுத்த முடியல. வெளிய உட்காந்துக்கோ."

பேச்சி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தாள். அவளுடைய கண்கள் அசையாதவை. கோபமா பயமா என்று அவற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"எவ்வளவு நேரத்துக்கு?"

"மூணு மணி ஆனதும் உன்கிட்ட வந்துருவேன்."

"அப்போ மூணு மணி வரைக்கும் எனக்கு நல்ல கண்ணுதான?" என்றாள் பேச்சி. "உட்காந்தா அந்த மூணு பேரும் பேப்பரைச் சுருட்டிட்டுப் போயிருவாங்கக்கா. ஆடுதேன்."

போய்விட்டாள்.

பதினான்கு. பதினைந்து. பதினாறு. ஒட்டன்சத்திரத்து ரெய்டர் ஒருத்தி வந்து வெறுங்கையோடு திரும்பினாள். பதினேழு. மறுபடி ஒருத்தி. பதினெட்டு. ஜெனோவா நிமிர்ந்து பார்த்தபோது, பேச்சி மூச்சை இழுத்து நடுக்கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். ஐயோ, இப்போதா போக வேண்டும்? பத்தொன்பதாவது தொகுதிக்குக் கைரேகை வைத்தாள். ரகோத்தமன் வைத்தார். 'அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்து வந்ததும், சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டில் போய் நின்றதும் ஒரே நொடி.

மைதானத்தின் நடுவே பேச்சி இடது பக்கம் தலையை வெட்டினாள். அவளுக்கு மட்டும் அரங்கம் முழுவதும் புரண்டது. அங்கே இல்லாத ஒரு கையிலிருந்து தப்பிக்க வளைந்து, நேராக ஒட்டன்சத்திரக்காரிகளின் கைக்குள்ளேயே போய் விழுந்தாள். நான்கு பேர் அவள் மேல் விழுந்தார்கள். விசில். இருபத்தெட்டுக்கு இருபத்தேழு. அவள் எழுந்து நிற்க முயன்று, மறுபடி மண்டியிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். தோழிகள் இருவர் தோளிலும் காலிலும் பிடித்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். தலை பின்னால் தொங்கி ஆடியது.

இசக்கிமுத்து கடைசி டைம் அவுட்டைக் கேட்டார்.

டாக்டர் ஸ்டிக்கரைக் கிழித்தார். ஜெனோவா கம்பியைச் சொருகினாள். அவசரத்தில் இரண்டு முறை தவறி மூன்றாவது முறைதான் நுழைந்தது. பழைய வரிசையைத் தேடி எடுத்து, பொத்தானை அழுத்தப் போனவளின் மணிக்கட்டைப் பேச்சி பிடித்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். பொய் சொல்லக் கூடாது. இப்போ இருக்கே இந்தக் கண்ணு, இதுவா சரி? பழசா?"

தொண்ணூறு நொடியில் எழுபது மிச்சம். அத்தனை பேருக்கும் நடுவில் ஜெனோவா சொன்னாள்.

"இதுதான் சரி. பழசு தப்பு. நாங்க பண்ணின தப்பு. நீ பட்ட பாட்டுக்கெல்லாம் நாங்கதான் காரணம். உன் மேல ஒரு குறையும் இல்ல."

"அப்போ இருபத்தோரு நாளும் நான் மக்குன்னு நெனச்சு அழுதேனே?"

"மக்கு நாங்கதான்டி."

பேச்சியின் வாய் லேசாகக் கோணியது. சிரிப்புதான்.

"சரி. ஆட்டம் முடியுத வரைக்கும் அந்தத் தப்பையே குடுங்க. எனக்கு அதுதான் பழக்கம்."

ஜெனோவா அழுத்தினாள். பேச்சி தலையை இடதும் வலதும் வெட்டிப் பார்த்தாள். உலகம் அவளுக்குத் தெரிந்த உலகமாக வந்து நின்றது. டாக்டர் புது ஸ்டிக்கர் ஒட்டினார். ஆட்டமிழந்தவள் உள்ளே போக முதலில் யாராவது ஒரு புள்ளி எடுக்க வேண்டுமே! செல்வராணி என்ற பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், ஒருத்தியின் விரல் நுனியைத் தொட்டுவிட்டு விழுந்தடித்துத் திரும்பினாள். இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு. பேச்சி உள்ளே போனாள். ஒட்டன்சத்திரம் ஒன்றும் செய்ய முடியாமல் ஒரு ரெய்டை வீணாக்கியது. அடுத்தது கடைசி ரெய்டு.

அதைச் சொற்களில் சொல்வது கஷ்டம். பேச்சி இடது மூலையைப் பார்த்தாள், வலது மூலையைப் பார்த்தாள், நடுவில் நின்றவளைப் பார்க்கவே இல்லை. மூலைக்காரிகள் இருவரும் கைகோத்துப் பாய்ந்தபோது, அந்தக் கோத்த கையின் மேலேயே கையை ஊன்றித் தாண்டினாள். நடுக்கோட்டில் அவள் கால் விழுந்த சத்தத்துக்குப் பிறகு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. முப்பதுக்கு இருபத்தெட்டு. இசக்கிமுத்து தன் விசிலை வாயிலேயே கடித்து உடைத்துவிட்டார்.

தேர்வாளர்கள் சீட்டில் எழுதிய முதல் பெயர் முத்துப்பேச்சி. அந்தச் சீட்டை ஜெனோவா மூன்று முறை வாங்கிப் படித்தாள்.

ரகோத்தமன் கூப்பிட்டார். மற்ற எல்லாருக்கும் கட்டளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழையவர்களுக்குப் பழையதே இருக்கட்டும், புதியவர்களுக்குப் புதியது, யாராவது மாற்றிக் கேட்டால் அப்போது பார்ப்போம் என்றார். நிருபர்களிடம் பாதி சொல்லிச் சமாளித்தாராம்.

"சார், கழற்றிக் கொடுத்துட்டுப் போனவங்க எழுபத்து மூணு பேர் இருக்காங்க."

"ஜெனோ, அதை இப்ப ஏன் கிளறணும்? கோர்ட்டுக்குப் போவாங்க."

"போகட்டும் சார். உங்க மேல குறை இல்ல, எங்க மேலதான்னு அவங்க வாசல்ல போய்ச் சொல்லணும். நாளையிலேர்ந்து நான் போறேன். நிறுவனத்தோட ஆளா போறேனா, வேலையை விட்டுட்டுப் போறேனாங்கறதை நீங்க முடிவு பண்ணுங்க."

அவர் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டாள்.

பேச்சி உடை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெற்றிக் களை முகத்தில் இருந்தாலும் ஏதோ யோசனை.

"அக்கா, ஒரு விஷயம். நான் விழுந்தேன்ல? அதுக்கப்புறம் என்னைத் தூக்கிட்டு வந்தாளுவ. அப்போ என் தலை தொங்கி ஆடிச்சு. கூரை ஆடலக்கா."

"என்னது?"

"கூரை. அப்படியே நின்னிச்சு. எப்பவும் என்னை யாராவது புடிச்சு உலுக்குனா எல்லாமே சேந்து குதிக்கும். இன்னைக்குக் குதிக்கல."

ஜெனோவா யோசித்தாள், பிறகு மெல்லப் புரிந்தது. "நீயா தலையைத் திருப்பும்போது உன் மூளை முன்கூட்டியே தயாரா இருக்கும், எங்க தப்பைச் சரிபண்ணிக்கும். வேற யாரோ ஆட்டினா அதுக்கு முன்னாடியே தெரியாது, சரிபண்ணவும் முடியாது. அப்போ நாங்க கொடுத்த படம் அப்படியே தெரியும். பழைய படம் குதிக்கும். புதுப் படம் நிக்கும்."

"எல்லாருக்கும் நிக்குமா?"

"எல்லாருக்கும் நிக்கும்."

"பஸ்ஸுல போகும்போது?"

"பஸ் குலுங்கும். உலகம் நிக்கும்."

பேச்சி தரையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆறு வருஷமா பஸ் ஏறுனதும் கண்ணை மூடிக்குவேன். எல்லாரும் எப்படித்தான் சன்னலைப் பாத்துட்டு வாராங்கன்னு நெனைப்பேன். அவங்களுக்கெல்லாம் மனசு ரொம்பத் தைரியம்னு நெனச்சுக்கிட்டேன்."

ஆறு வருடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேரிடம் எத்தனையோ கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். பஸ்ஸில் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. புதுக் கண்ணுக்கு மாற வேண்டுமென்றால் பேச்சிக்கு இன்னொரு இருபத்தோரு நாள் வேண்டும். மாநிலப் பயிற்சி முகாமோ எட்டாம் நாள் தொடங்குகிறது. ஜெனோவா அதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"முகாமை விடுவேனா? ஆட்டத்துக்குப் பழசுதான்" என்றாள் பேச்சி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அக்கா, பஸ்ஸுல நான் தலையைத் திருப்பவே மாட்டேன்னு வெச்சுக்கோங்க. சும்மா ஒரே பக்கமா பாத்துட்டு இருப்பேன். அப்போ மட்டும் புதுசைப் போட்டுக்கலாம்ல?"

முப்பது நிரலாளர்கள், நான்கு டாக்டர்கள். இதுவும் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

ஐந்தரை மணிக்குச் சங்கரன்கோவில் பஸ் கிளம்பியது. விண்வெளியில் காய்கறி பயிராகும் காலம் வந்துவிட்டாலும் அந்தச் சாலை மட்டும் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. ஜெனோவா ஆட்டத் துண்டால் பேச்சியின் நெற்றியை இருக்கையோடு சேர்த்துக் கட்டி, முகத்தைச் சன்னல் பக்கம் வைத்து, காதுக்குப் பின்னால் கம்பியைச் சொருகிப் புது வரிசையைப் போட்டாள். பின்னால் தோழிகள் கோப்பையை வைத்துத் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் பள்ளத்தில் பஸ் ஒரு முழம் எழும்பி விழுந்தது. பேச்சியின் கை ஜெனோவாவின் கையை இறுக்கிப் பிடித்தது. வெளியே பனைகளும் காற்றாலைகளும் கடைசி வெயிலில் நின்ற இடத்திலேயே நின்று, வரிசையாக, நிதானமாகப் பின்னால் போயின. இரண்டாவது பள்ளத்தில் அந்தக் கை தளர்ந்தது. மூன்றாவதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், துண்டால் கட்டியிருந்த தலையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, தலைவலியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றாள் பேச்சி, தலையை அசைக்காமல். "வேடிக்கை பாக்கேன்."